எதிராளியின் இரவு

இன்றிரவு நான் இஸ்வெல்லின் கட்சி பேச வேண்டும்.
உப்புப் பலகையில் கிடக்கிறாள்,
இரண்டு தொண்டையும் மூடி.
நாற்பத்தோரு வருடம் அவளை மறுத்தவன் நான்.
எங்கள் முறைப்படி
இறந்தவருக்காக வாதாடும் உரிமை
மகளுக்கு இல்லை, துணைக்கு இல்லை,
எதிராளிக்கு மட்டுமே.
இந்த முறையும் மேல்முறையீட்டில்தான் இருக்கிறது.

கெஹ்ராவில் எதுதான் முடிந்தது?
எங்கள் இனத்துக்கு நான்கு பெயர்,
நான்கும் விசாரணையில்.
முதல் தொண்டை சொல்லும், அடுத்தது மறுக்கும்.
உடம்பே அப்படி.
இரண்டு சூரியன்களில் எது மூத்தது என்று
வடகரைக்கும் தென்கரைக்கும் பேச்சு வார்த்தை இல்லை,
அதாவது, பேச்சைத் தவிர வேறெதுவும் இல்லை.
முன்னொரு முறை போர்கூட மூண்டது.
எதற்காகப் போர் என்று முடிவுசெய்ய
இரு படையும் உட்கார்ந்து பேசி
மூன்று தலைமுறை அங்கேயே பிள்ளை பெற்றார்கள்.
அந்தப் பாசறைதான் இன்றைய தலைநகர்.
தான் பிடித்த த்ரூவிக்கு மூன்றே கால் என்று
ஒருவன் தொடுத்த வழக்கு இருநூறு வருடம் நடந்தது.
சாட்சிக்குக் கட்டிவைத்த த்ரூவி
ஒரு மத்தியானம் எழுந்து போய்விட்டது.
எத்தனை காலால் என்று ஒருவரும் எண்ணவில்லை.

மணச்சபையில், தாங்கள் ஏன் மணக்கக் கூடாதென்று
இருவரும் பேசுவார்கள்.
வென்றவர், தோற்றவர் வீட்டுக்குப் போவார்.
பிறந்த குழந்தைக்கு ஒரு பெயர் நீட்டுவோம்,
அது தட்டிவிடும் வரை.
தட்டியபின் வருவதே பெயர்.
நான் தட்டிய பெயர் எது என்று எனக்குத் தெரியாது.
ஏட்டில் தேடிப் பார்த்து, நல்ல பெயர் என்றாள் இஸ்வெல்.
இல்லை என்றேன்.
அப்படித்தான் தொடங்கியது.

பள்ளியில் எல்லோரும் படிப்பது ‘ஆம்’ ஆண்டுகள்.
ஓக்ராம் என்றொரு கணக்கன்
களைத்துப்போன சபையில் எழுந்து,
ஒரே ஒரு வருடம் ஒத்துப்போனால் என்ன என்றான்.
ஒத்துப்போனார்கள். பதினோரு வருடம்.
சொன்ன விலைக்கு வாங்கினார்கள்.
மருத்துவர் சொன்ன தேதியில் செத்தார்கள்.
பேசாத தொண்டை பழுத்துச் சீழ்கட்டியது.
ஸூன் நதிக்குக் குறுக்கே ஒரு பாலம் வரைந்தார்கள்.
அழகு என்றது ஒரு குரல்.
அழகு, அழகு என்றது கரை முழுக்க.
திறப்பு நாளில் தொள்ளாயிரம் பேர் ஏறினார்கள்.
நதியும் மறுப்பு சொல்லவில்லை.

வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை:
இது என் நூல், ஏழு பாகம்.
ஒருத்தி சொன்னாள்:
இது இஸ்வெல், அரைப் பக்கம்.
கல் அடுக்கிய தௌமி என்பவளின் பெயர்
மூன்றாம் மாதக் கூலிக் கணக்கில் அடிக்கப்பட்டிருக்கிறது.
காரணம் எழுதவில்லை.
எழுதாததா சான்று என்று சிரித்தேன்.
நாற்பத்தோரு வருடம் சிரித்தேன்.

அவள் பக்கம் நின்று பேச வேண்டுமே என்று
நேற்றுதான் அந்த ஏட்டை முதன்முதலாகத் தொட்டேன்.
அடித்த கோட்டின் கீழே
நகத்தால் கீறிய ஒரு சொல்.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது.
‘தாங்காது.’

சபையில் சொல்லிவிட்டேன், இரண்டு தொண்டையாலும்.
ஏழு பாகமும் என் வாயாலேயே சரிந்தன.
வழக்கப்படி யாராவது எழுந்து,
அது உன் நகம், சாவு வீட்டில் இளகிப்போனாய் என்று
என்னைக் கிழித்திருக்க வேண்டும்.
ஒருவரும் எழவில்லை.
துக்கத்துக்கு மரியாதையாம்.
தலையைத் தலையை ஆட்டினார்கள்,
பாலத்தில் ஏறியவர்களைப்போல.

விடிகிறது. எந்தச் சூரியன் என்று சொல்ல மாட்டேன்.
எல்லோரும் போனபின்
பலகையருகே குனிந்து கேட்டேன்:
கீறியது தௌமிதான் என்று யார் சொன்னது?
கூலி கொடுத்தவனாக இருக்கலாம்.
இவள் வாய் தாங்காது என்று
அவன் எழுதியிருக்கலாம்.
அசட்டு வாதம்தான், தெரியும்.
ஒரே தட்டில் உடைந்துவிடும்.
உடைத்துப் போடு.
உடைத்துப் போடேன், இஸ்வெல்.